மீன் முட்டைக்குள் ஓர் அதிசயம்!

சொந்தத்தில் மணம் முடிப்போர் அறிய வேண்டிய சேதி

முட்டை கண்ணாடி போல இருந்தால், உள்ளே குஞ்சு வளருவதை அப்படியே பார்க்கலாம் அல்லவா?

அப்படி முட்டையிடும் மீன் ஒன்று உண்டு. அதன் பெயர் வரிக்குதிரை மீன். சுண்டு விரலை விடச் சிறியது. உடம்பில் நீலக் கோடுகள் ஓடும். வண்ண மீன் கடைகளில் விற்கிறார்கள்.

இது நம் நாட்டு மீன்தான். கங்கைச் சமவெளியில் இதைக் கண்டு, 1822-ல் புத்தகத்தில் எழுதியவர் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர்.

முட்டையிட்ட ஒரே நாளில் தலை, கண், வால் தெரியும். இதயம் துடிக்கத் தொடங்கும். மூன்றாம் நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும்.

வயிறு எது? முதுகு எது?

உருண்டையான கருவில் எந்தப் பக்கம் வயிறு, எந்தப் பக்கம் முதுகு? அதை முடிவு செய்வது யார்?

தொண்டாமுத்தூர் விவசாயிக்கு இது எளிதில் புரியும். மடையைத் திறந்தால் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் அதிகம். கடைசிப் பாத்தியில் குறைவு.

கருவிலும் அப்படித்தான். ஒரு பொருள் ஒரு பக்கம் அதிகமாக ஊறுகிறது. அந்தப் பக்கம் வயிறாகிறது. எதிர்ப்பக்கம் வேறொரு பொருள் வரப்புப் போல நின்று அதைத் தடுக்கிறது. அந்தப் பக்கம் முதுகாகிறது.

இந்தப் பொருள்களைச் செய்ய உத்தரவிடுவது மரபணு. உத்தரவில் பிழை வந்தால் என்ன ஆகும்? மடை அடைபட்டால் முதுகுப் பகுதி மிகுந்து, கரு சுருண்டு போகும். வரப்பு உடைந்தால் தலை சிறுத்து, வயிற்றுப் பகுதி பெருத்துவிடும்.

ஒளிந்திருந்த பிழை

ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் இதை ஆராய்ந்தவர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட் என்ற அம்மையார். பழ ஈக்களின் கரு வளர்ச்சியை ஆராய்ந்து 1995-ல் நோபல் பரிசு பெற்றவர்.

அவரது குழுவினர் ஆண் மீன்களை மருந்து கலந்த நீரில் விட்டு, மரபணுவில் பிழை உண்டாக்கினார்கள். அவற்றின் பிள்ளைகளிடம் ஒளிந்திருந்த பிழை வெளியே தெரியவில்லை. பேரப் பிள்ளைகளிடமும் தெரியவில்லை. பிறகு, கூடப் பிறந்த பேரமீன்களை ஜோடி சேர்த்தார்கள். சில ஜோடிகளின் கருக்களில் நான்கில் ஒன்று குறையோடு வளர்ந்தது!

இப்படிச் சுமார் 1,200 பிழைகளை ஆராய்ந்து, 1996-ல் வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் பல சமயம் மற்றது காப்பாற்றிவிடும். இரண்டும் கெட்டால்தான் குறை வெளிப்படும்.

நமக்கு என்ன பாடம்?

மனித மரபணுக்களில் நூற்றுக்கு எழுபதுக்கு இந்த மீனிடம் ஈடு உண்டு என்று 2013-ல் தெரிந்தது.

நம் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது வழக்கம். இருவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. அவர்களிடம் ஒளிந்திருந்த பிழை இருவருக்குமே வந்திருக்கலாம்.

இதற்காகப் பயந்துவிட வேண்டாம். இத்தகைய மணங்களிலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குறைக்கு வாய்ப்பு சற்று அதிகம். குடும்பத்தில் முன்பு குறையோடு குழந்தை பிறந்திருந்தால், நிச்சயத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி யோசனை கேட்பது நல்லது.

குழந்தைக்குக் குறை என்றால், "கிரகணத்தன்று வெளியே போனாள்" என்று தாயை ஏசுவோர் உண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பிரதி தந்தை கொடுத்தது. பிழை யார் கண்ணுக்கும் தெரியாமல் தலைமுறையாக வந்தது. இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.