வயலுக்குள்ளால் ஒரு பாதை

கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து கேம் ஆற்றங்கரையோரமாகக் கிரான்செஸ்டர் கிராமத்துக்கு நடக்கச் சுமார் ஒரு மணித்தியாலம் செல்லும். மேடு பள்ளமில்லாத புல்வெளி, மாடுகள் மேயும். முழங்கால் நோவோடு அம்மாவும் ஆறுதலாக நடப்பார்.

கிராமத்துக்கு அப்பால், மேய்ச்சல் நிலம் முடிந்து கோதுமை வயல் தொடங்கும் படலையடியில் அம்மா நின்றுவிட்டார். "ஆரின்ரையோ காணி பிள்ளை, போகக்கூடாது." 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். வேலிக்கு அங்கால் காவலரண் இருக்கும் என்றே பழகியவர்.

தூணிலிருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினேன். நடப்போருக்கான பொதுப்பாதையின் அடையாளம் அது. நீலமென்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். காணி தனியாருடையதுதான். நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, விசாவில் வந்த அம்மாவுக்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபைகள் இப்பாதைகளை வரைபடத்தில் பதிந்துள்ளன. வயலுக்குக் குறுக்கே செல்லும் பாதையை விதைப்புக்காக உழும் விவசாயி, 14 நாட்களுக்குள் அதைத் திருத்திக் கொடுக்கவேண்டும். 20 ஆண்டுகள் மக்கள் தடையின்றி, உரிமையோடு நடந்த வழியையும் பொதுப்பாதையாகக் கோரலாம்.

இவை சும்மா கிடைக்கவில்லை. 1932இல் கின்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி நடந்த போராட்டத்தில் ஐந்து பேர் சிறை சென்றார்கள்.

"எங்களை 20 வருசத்துக்கு மேல நடக்கவிடேல்லையே, அதுக்கு என்ன சட்டம்?" என்று அம்மா கேட்டார். நான் பேசவில்லை. உள்ளே வந்ததும் திரும்பிப் போய்ப் படலையைக் கொளுவினார். மாடு பயிருக்குள் இறங்கிவிடுமாம்.