படத்தில் தெரியாத பெட்டி

மாணவர்களே, ஆடை விளம்பரப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துணியில் ஒரு சுருக்கமும் இராது. தோளிலும் இடுப்பிலும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியிருக்கும். 'நமக்கு மட்டும் ஏன் இப்படி அமைவதில்லை?' என்று ஏங்கியும் இருப்பீர்கள். இதற்கு விடை ஒரு பெட்டியில் இருக்கிறது. படப்பிடிப்புக்கான ஆடைகளைத் தேர்ந்து அணிவிப்பவரை ஸ்டைலிஸ்ட் என்பர். அவர் முதல் நாளே அடுக்கி வைக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போமா?

முதலில் இருப்பது நீராவிக் கருவி. பருத்தி இழை, செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. இவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று பிடித்து வைத்துள்ளன. துணி மடிந்து கிடக்கும்போது அந்த நிலையிலேயே பிணைப்புகள் அமைவதால் சுருக்கம் நிலைத்துவிடுகிறது. நீராவியின் ஈரமும் வெப்பமும் அவற்றைத் தளர்த்துகின்றன. துணி தன் எடையால் தொங்கி நேராகிறது. உலரும்போது அந்த நேர்நிலையிலேயே புதிய பிணைப்புகள் தோன்றுகின்றன.

இங்கே எச்சரிக்கை தேவை. 100° செ. வெப்பநிலையில் 1 கிராம் நீராவி நீராக மாறும்போதே சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த நீர் உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது வெளிவிடுவதோ சுமார் 63 கலோரிதான். எனவே கொதிநீரைவிட நீராவி கொடியது. ஒருவர் அணிந்திருக்கும் ஆடைமீது அதைப் பாய்ச்சலாகாது. கருவி ஆறிய பின், நீரை வடித்துவிட்டே பெட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்தது ஒரு தெளிப்பான் புட்டி. வறண்ட காற்றில் பாலியெஸ்டர் துணி உராய்ந்தால் நிலைமின்னூட்டம் பெற்று உடலோடு ஒட்டிக்கொள்ளும். புட்டியிலுள்ள திரவம் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துணிமேல் மெல்லிய படலமாக்கும். அதன் வழியே மின்னூட்டம் பரவி நீங்கிவிடும்.

இருபுறமும் ஒட்டும் நாடா, கழுத்துப் பட்டியை நகராமல் நிறுத்தும். இதற்கு நீரோ சூடோ வேண்டாம். விரலால் அழுத்தினால் பசை மெல்லப் பரவி, துணியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றிக்கொள்ளும்.

சிறிய டப்பாவில் ஊக்குகள். அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரே கம்பியின் வளைவு சுருள்வில்லாகி ஊசியை வெளியே தள்ளுகிறது. மூடி அதன் முனையைப் பிடித்து, விரலில் குத்தாமல் காக்கிறது.

கடைசியாக, ஒரு கைப்பிடி கிளிப்புகள். பெட்டியின் இரகசியமே இவைதான்! காமிரா ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும். ஆகவே தொளதொளப்பான துணியை முதுகுப்புறம் இழுத்துச் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். பெரிய சட்டை ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். நண்பனிடம் சொல்லி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் முதுகுப்புறத்தை இறுக்கச் செய்து கண்ணாடி முன் நில்லுங்கள். விளம்பரத்தில் கண்ட அதே பொருத்தம் உங்களிடமும் தெரியும். அப்படியானால் குறை உங்கள் உடலில் இல்லை என்பது விளங்குகிறதல்லவா?