எரர் வராது, விடை மட்டும் தப்பா வரும்: காயில் சிமுலேஷனில் சறுக்கும் இடங்கள்

வயர்லெஸ் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்சார ஸ்கூட்டர் மோட்டார்... எல்லாவற்றுக்குள்ளும் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில் இருக்கிறது. அதை நிஜமாகச் சுற்றும் முன் கம்ப்யூட்டரில் வரைந்து, காந்தப்புலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் எஃப்.இ.எம்.எம். முதல் ஆன்சிஸ் மேக்ஸ்வெல், காம்சால் வரை இதற்கு மென்பொருள்கள் உண்டு.

சிக்கல் என்னன்னா, தப்பா வரைஞ்சாலும் பல நேரம் எரர் வராது. கலர் கலரா அழகான படம் வரும், எண் மட்டும் தப்பா இருக்கும். அதை நம்பி ஆர்டர் கொடுத்தா, காயில் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

அதனால் முதலில் கால்குலேட்டரை எடுங்க. ஹரோல்டு வீலர் 1928-ல் தந்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது. ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 9 மடங்கு ஆரமும் 10 மடங்கு நீளமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இண்டக்டன்ஸ் மைக்ரோஹென்றியில் கிடைக்கும். அளவுகள் அங்குலத்தில் இருக்கணும் (பழைய சூத்திரமாச்சே!). ஒரே அடுக்காகச் சுற்றிய, உள்ளே காற்று மட்டும் இருக்கும் காயிலுக்கே இது பொருந்தும்.

ஆரம் 10 மி.மீ., நீளம் 40 மி.மீ., 100 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விடை சுமார் 80 மைக்ரோஹென்றி. மென்பொருள் 2,040 என்று காட்டுதா? மி.மீ. எண்களை அங்குலமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, சரியாக 25.4 மடங்கு. 0.008 என்று வருதா? சுற்றுகளின் எண்ணிக்கை 1 என்றே கிடக்கிறது. இண்டக்டன்ஸ் சுற்றுகளின் வர்க்கத்தில் மாறுவதால் 10,000 மடங்கு குறைந்துவிட்டது.

கொஞ்சம் மட்டும் குறைவாக வந்தால், காயிலைச் சுற்றி வரைந்த காற்றுப் பகுதியைப் பாருங்க. எல்லைக்கோடு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் காந்தப்புலம் விரிய இடமில்லாமல் நசுங்கிவிடும். அந்தப் பகுதியை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டுங்க, எண் அசையாத வரை.

காயிலின் நடுவில் புலமே காணோமா? குறுக்குவெட்டில் ஒரு பக்கம் உள்ளே போகும் மின்னோட்டம் மறுபக்கம் வெளியே வரணும். இரண்டுக்கும் ஒரே திசை கொடுத்திருப்பீங்க.

மின்தடைதான் உண்மையிலேயே தலைவலி. 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்புக்குள் சுமார் 9 மி.மீ. ஆழம் வரை இறங்கும். வயர்லெஸ் சார்ஜர் ஓடும் 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் அது 0.2 மி.மீ.தான். கம்பிக் கட்டு முழுக்க மின்னோட்டம் சீராகப் பரவுவதாக வைத்துக்கொள்ளும் மாடலில் இந்தக் கூடுதல் இழப்பு கணக்கிலேயே வராது. ஒவ்வொரு கம்பியையும் தனியாக வரைந்தாலும், மெஷ் கட்டங்கள் அந்த 0.2 மி.மீ.யைவிடப் பெரிதாக இருந்தால் பலனில்லை. அந்த ஆழத்துக்குள் குறைந்தது இரண்டு மூன்று கட்டங்களாவது வேணும்.

உங்கள் காயிலில் ஃபெரைட் அல்லது இரும்பு இருந்தால் அந்த இடத்தில் முதலில் காற்றையே வைத்து ஓட்டுங்க. கைக்கணக்கோடு எண் ஒத்துப்போன பிறகு இரும்பை உள்ளே வைக்கலாம்.