முழங்காலும் விரலும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலையை ஒட்டிச் செல்லும் ரஸ்தாவில் நத்தம் போகிறவர்கள், அங்கே என்.பி.ஆர். கல்லூரியின் கிரிக்கெட் மைதானத்தைக் காணலாம். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் ஆரம்பமான ஆண்டிலேயே இங்கு பந்தயங்கள் நடந்தன. திண்டுக்கல் டிராகன்ஸ் கோஷ்டிக்காக வெவ்வேறு ஆண்டுகளில் பந்து வீசிய இருவரின் வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஒருவர், சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் பிறந்த ஸ்ரீ நடராஜன். மற்றவர், சென்னையில் கட்டடக் கலை பயின்ற ஸ்ரீ வருண் சக்ரவர்த்தி. 2020-இல் ஆஸ்திரேலியா செல்லும் இருபது ஓவர் அணிக்கு வருண் தேர்வானார். ஆனால் தோளிலே காயம். அந்த இடத்திற்கு நடராஜன் அழைக்கப்பட்டார். ஒரே சுற்றுப் பயணத்தில் மூவகைப் பந்தயங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற கீர்த்தி அவருக்குக் கிட்டியது. பிரிஸ்பேனில் பாரதம் ஜயக்கொடி நாட்டிய டெஸ்டிலும் அவர் ஆடினார். ஒருவருடைய நோவு மற்றவருக்குப் பாக்கியமாயிற்று!

சக்கரம் சுழன்றது. 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் ரண சிகிச்சை நடந்தது. 2024-இல் ஐ.பி.எல். பந்தயங்களில் 19 விக்கெட் வீழ்த்தியும், அவ்வாண்டில் இந்திய அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை. வருணோ அதே 2024-இல் அணிக்குத் திரும்பி, 2025-இல் இருபது ஓவர் பந்து வீச்சாளர் வரிசையில் உலகின் முதல் ஸ்தானத்தை எய்தினார்.

இந்த வித்தியாசம் ஏன்? வருண் முன்பு வேகப் பந்து வீசியவர். முழங்காலில் அடிபட்ட பிறகே சுழற்பந்துக்கு மாறினார். அவருடைய வித்தை விரல்களில் இருக்கிறது. வேகப் பந்து வீசுகிறவனுக்கோ ஒவ்வொரு பந்துக்கும் உடம்பின் பாரம் முழுவதும் முன்காலில் இறங்குகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸ் 2011-இல் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். மறு ஆண்டே முழங்கால் தசைநார் அறுந்தது. மின்னல் வேகத்தை நம்பிய அவர் அந்த உயரத்தை மறுபடி எட்டவில்லை. ஆகவே, எங்கே அடிபட்டது என்பதுடன், அந்த அங்கத்தை நம்பித்தான் வித்தை நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தவிர, காயம் ஆறும் வரையில் காலி இடம் காத்திராது. வேறொருவர் வந்து அமர்ந்துவிடுவார்.

இதை அறியாமல், "ஆள் தீர்ந்துபோனான்" என்று பந்தய அபிமானிகள் கூறுவது நியாயமன்று. நடராஜன் 2023-இல் தம் கிராமத்திலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்துத் திறந்தார். அணியில் இடம் வரும், போகும். சின்னப்பம்பட்டிச் சிறுவர்களிடையே அவருக்குள்ள இடத்தை எந்தக் காயமும் பறிக்க முடியாது.