எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பும் அதன் பிரதியும்

விதைக் கிடங்குகளின் இருப்புப் பேரேட்டை எழுத்தர் ஒருவர் பிரதி செய்கிறார் எனக் கொள்க. முதற் பக்கத்தில் முதற் கிடங்கின் இருப்பு. பத்தாம் பக்கத்தில் இரண்டாம் கிடங்கின் இருப்பு. முதற் பக்கத்தை அவர் எழுதி முடித்தபின், 40 மூட்டை விதை முதற் கிடங்கினின்றும் இரண்டாவதற்கு மாற்றப்பட்டு, பேரேட்டிலும் அவ்வாறே பதியப்படுகிறது. பத்தாம் பக்கத்தில் எழுத்தர் புதிய இருப்பையே காண்பார். ஆகவே அவருடைய பிரதியில் அந்த 40 மூட்டைகளும் இரு கிடங்குகளிலும் இருக்கும். படியெடுத்ததில் பிழை ஏதுமில்லை; ஆயினும் அப்பிரதி காட்டும் நிலை எந்த வேளையிலும் இருந்ததேயில்லை.

கணிப்பொறியிலும் நிகழ்வது இதுவே. கோப்புகளைத் திரட்டி ஒரே கட்டாக்கும் 'டார்' என்னும் நிரல், 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்று, இன்றளவும் வழக்கிலுள்ளது. அது ஒவ்வொரு கோப்பிற்கும் முன்னால் 512 பைட்டு கொண்ட தலைப்பொன்றை எழுதி, கோப்பின் அளவை அதில் குறித்துவிடுகிறது. உள்ளடக்கத்தைப் படிப்பது அதன் பின்னரே. இடையில் கோப்பு வளர்ந்தால், மிகுதி கட்டில் சேராது. சுருங்கினால், குனூ டார் குறைந்த இடத்தைச் சுழிகளால் நிரப்பிவிடும். படிக்கும்போதே கோப்பு மாறியதைக் கண்டால் எச்சரித்து, 0-க்குப் பதிலாக 1 என்னும் குறியீட்டுடன் பணியை முடிக்கும். இவ்வெச்சரிக்கையைத் தொல்லையெனக் கருதி அடக்கிவிடுவோர் உளர், அது தகாது. எச்சரிக்கை எழாமையும் போதிய சான்றன்று. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே நோக்கும் அந்நிரல், ஒரு கோப்பு மற்றொன்றுடன் முரண்படுவதை அறியாது.

பதிவை நிறுத்திவிட்டுப் பிரதி எடுப்பதே எளிய வழி. இரவும் பகலும் பதியும் கருவிகளுக்கு இது இயலாதாகையால், ஸ்னாப்ஷாட் எனப்படும் கணநிலைப் பதிவு பயன்படுகிறது. குறித்த கணத்திற்குப்பின் வட்டின் எப்பகுதி மாற்றப்படினும், அதன் பழைய உள்ளடக்கம் அழியாது காக்கப்படும். எழுதுவோர் தொடர்ந்து எழுத, கட்டுவோர் பழைய நிலையையே படிப்பர். கணநிலைப் பதிவு அதே வட்டில் இருப்பதாயின், வட்டு பழுதானால் அதுவும் போகும்; ஆதலின் அதிலிருந்து எடுத்த கட்டை வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

களப்பணியாளரின் கைப்பேசிகளில் வழங்கும் எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளங்களுக்குப் பிரதியெடுக்கும் தனி வழி உண்டு. அதனை விடுத்து, பதிவு நடக்கையில் கோப்பை நேரே படியெடுப்பது ஆபத்து.

எடுத்த கட்டை வேறொரு கணிப்பொறியில் பிரித்து, இருப்பைக் கூட்டிப் பார்த்தல் நலம். கணநிலைப் பதிவு மாற்றத்திற்கு முன் எடுக்கப்பட்டிருப்பின், அந்த 40 மூட்டைகளும் முதற் கிடங்கில் மட்டுமே காணப்படும். அவை இடம்மாறிய செய்தி அடுத்த கட்டில் வந்து சேரும்.