சீழ் கட்டவில்லை என்று காத்திருக்காதீர்கள்

1994 டிசம்பரில் ஒரு செய்தி கனடா முழுவதையும் அதிர வைத்தது. அப்போது மத்திய பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லூசியன் புஷார், 'தசை தின்னும் நோய்' காரணமாக ஒரு காலை இழந்தார். நோயை ஏற்படுத்தியது 'குழு ஏ ஸ்ரெப்ரோகொக்கஸ்' என்ற பற்றீரியா. எமது பிள்ளைகளுக்குத் தொண்டை நோவைக் கொடுக்கும் 'ஸ்ரெப்' கிருமியும் இதுவேதான்.

பெரும்பாலானோரை ஓரிரு வாரத்தில் விட்டுப்போகும் இக்கிருமி, சிலருடைய உயிருக்கே ஆபத்தாவது ஏன்?

காயத்தினூடாகக் கிருமி புகுந்தால், இரத்தத்திலுள்ள வெண்குருதிக் கலங்கள் அங்கு விரைந்து சென்று அதனை விழுங்கி அழிக்கின்றன. இப்போரில் இறந்த கலங்கள் சேர்வதே சீழ். ஆனால் ஸ்ரெப் கிருமி 'ஸ்ரெப்ரோலைசின் ஓ' என்ற நஞ்சைச் சுரக்கிறது. இந்த நச்சுப் புரதங்கள் கலத்தின் மென்சவ்விலுள்ள கொலஸ்ரரோலைப் பற்றி, வளையமாகச் சேர்ந்து துளை போடுகின்றன. துளை விழுந்த கலம் இறந்துவிடும். அத்துடன், வெண்குருதிக் கலங்களை உதவிக்கு அழைக்கும் இரசாயனச் செய்தியையும் இக்கிருமியின் ஒரு நொதியம் வெட்டிவிடுகிறது. காவலாளியை அடிப்பதோடு அழைப்பு மணியையும் அறுத்துவிடுவது போன்றது இது.

எனவேதான் உள்ளே தசை அழுகும்போதும் வெளியே சீழ் அதிகம் தெரிவதில்லை. "பழுக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்ற எமது பழக்கம் இங்கு ஆபத்தானது.

மூட்டு வீங்கிய பிள்ளைகளுக்கு ஊரில் செய்யும் 'ஏ.எஸ்.ஓ.' இரத்தப் பரிசோதனை பலருக்கு நினைவிருக்கும். இதே நஞ்சுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியையே அது அளக்கிறது.

ரொறன்ரோ மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் நிபுணர் டொனால்ட் லோ (2013-இல் காலமானார்) 1990களில் ஒன்ராறியோவில் இந்நோயை விரிவாக ஆராய்ந்தவர். சிகிச்சையில் பெனிசிலினோடு கிளின்டமைசினும் கொடுக்கப்படுகிறது. முன்னையது கிருமியைக் கொல்லும். பின்னையது நஞ்சு உற்பத்தியைத் தடுக்கும். அழுகிய தசையை உடனே சத்திரசிகிச்சை மூலம் அகற்றவும் வேண்டும்.

இது அரிதான நோய். எனினும் 2023-இல் மாத்திரம் உடலினுள் ஊடுருவிய இக்கிருமியின் 4,600க்கும் மேற்பட்ட மாதிரிகள் கனடாவின் தேசிய நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்கு வந்தன.

கவனிக்க வேண்டியவை:

* காயம் சிறிதாக இருந்தும் தாங்கமுடியாத வலி, வேகமாகப் பரவும் சிவப்பு, கடும் காய்ச்சல், மயக்கம் இருந்தால் ரைலனோல் போட்டுப் படுக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.
* கொப்புளிப்பான் (சின்னம்மை) கண்ட பிள்ளைகளுக்கு இவ்வாபத்து அதிகம். அதற்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.
* நீரிழிவு உள்ள பெரியவர்களின் கால்களைத் தினமும் பாருங்கள்.
* வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். இந்நோயில் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.