ஊக்கில் செய்த தூண்டில்: கடலில் ஒரு குடித்தனம்

 

லண்டன் டவர் பாலத்தை ஒட்டி செயின்ட் கேத்தரின் டாக்ஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. 1828இல் திறக்கப்பட்டு, 1968இல் மூடப்பட்டது. இன்று அங்கே உல்லாசப் படகுகள் வந்து நிற்கின்றன. சென்ற கோடையில் ஒரு மாலை அவ்வழியே நடந்தபோது, ஒரு சிறிய பாய்மரப் படகின் ஓரக் கம்பியில் துணி காய்வதைப் பார்த்தேன். உள்ளே ஒரு பெண்மணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் அவருடைய கணவர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். பாய்மரப் படகு என்றதும் நமக்குப் புயலும் சாகசமும் நினைவுக்கு வரும். அங்கே நடந்துகொண்டிருந்தது சாதாரணக் குடித்தனம். அதைப் பார்த்த பிறகுதான், நெடுநாளாக வாங்கி வைத்திருந்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஸோஃபி எல்ம்ஹர்ஸ்ட் எழுதிய ‘மாரிஸ் அண்ட் மாரலின்’. 2024இல் வெளிவந்து, அந்த ஆண்டுக்கான நீரோ கோல்ட் பரிசைப் பெற்ற நூல். முழுக்க நடந்த கதை.

புத்தகத்துக்குள் போகும் முன் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் அகத்திணையியலில், கடல் கடந்த பயணம் பெண்ணுடன் சேர்ந்து நிகழ்வதில்லை என்று பொருள்படும் ஒரு நூற்பா உண்டு. வேறு விதமாகப் பொருள் கொண்ட உரைகளும் உண்டு. ஆனால் நெய்தல் பாடல்களில் நாம் காணும் காட்சி பெரும்பாலும் இதற்கு ஒத்துப்போகிறது. கடல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, பெண் கரையில் காத்திருக்கிறாள். கணவனும் மனைவியும் ஒரே படகில், வேறு யாருமின்றி, மாதக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நம் அகமரபு கேட்டுக்கொள்ளவில்லை. இந்தப் புத்தகம் முழுக்க அந்தக் கேள்விதான்.

மாரிஸ் பெய்லி இங்கிலாந்தின் டார்பி நகரில் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தவர். கூச்சமும் பிடிவாதமும் கொண்ட மனிதர். மனைவி மாரலின் வரி அலுவலகத்தில் பணிபுரிந்தவர். வீட்டை விற்றுப் படகு வாங்கலாம் என்ற யோசனை மாரலினுடையது. அவருக்கு நீச்சல் தெரியாது! வாங்கிய படகுக்கு இருவர் பெயரையும் கலந்து ‘ஆரலின்’ என்று பெயரிட்டார்கள். 1972 ஜூனில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டார்கள்.

ஆரலினின் நீளம் 31 அடி. லண்டனின் புதிய இரட்டைமாடிப் பேருந்தைவிடக் குட்டை. இத்தகைய படகில் ஒரு தம்பதியின் நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இரவில் படகு நிற்பதில்லை. நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்ச முடியாது. தொடுவானில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் கால் மணி, இருபது நிமிடத்தில் பக்கத்தில் வந்துவிடலாம். ஆகவே ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒரே வீட்டில் இருந்தும், சேர்ந்து தூங்கும் இரவு கிடையாது.

சமையலறை என்பது ஒரு அலமாரி அளவு இடம். படகு சாயும்போது அடுப்பும் சேர்ந்து சாயாமல் இருக்க, அதை ஊஞ்சல் போல இரு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பாத்திரம் கழுவக் கடல்நீர். உப்பு ஏறிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் முழுதாகக் காயாது. ஜி.பி.எஸ். இல்லாத அந்தக் காலத்தில், செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, அட்டவணைகளைப் புரட்டிக் கணக்குப் போட்டுத்தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய வேண்டும். ஆரலினில் அது மாரிஸின் வேலை. படகின் தலைவர் அவர். வெளியுலகத் தொந்தரவு வேண்டாம் என்று செய்தி அனுப்பும் ரேடியோவைக்கூட அவர் பொருத்தவில்லை.

1973 மார்ச் 4. பனாமா கால்வாயைத் தாண்டி, கலாபகோஸ் தீவுகளை நோக்கிச் செல்லும் வழியில், காலை நேரத்தில் ஒரு திமிங்கிலம் படகை இடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் படகு மூழ்கியது. வட்டமான ஒரு ரப்பர் மிதவை, அதோடு கட்டிய ஒரு சிறு ரப்பர் படகு, அள்ளி எடுத்த உணவு டின்கள், கொஞ்சம் தண்ணீர். அதில் 117 நாட்கள். ஏறக்குறைய 1,500 மைல் தூரம் மிதந்தார்கள்.

உயிர் பிழைத்த கதையாக இதை உலகம் அப்போதே படித்துவிட்டது. அவர்களே ஒரு நூலும் எழுதினார்கள். எல்ம்ஹர்ஸ்ட் கவனிப்பது வேறொன்றை. மிதவைக்கு வந்ததும் தலைமை கைமாறுகிறது. வழி கண்டுபிடிக்கத் தெரிந்த மாரிஸ் குற்றவுணர்வில் இடிந்துபோகிறார். செத்துவிடலாம் என்றுகூட எண்ணுகிறார். நீச்சல் தெரியாத மாரலின் குடித்தனத்தைத் தொடங்குகிறார். உணவைப் பங்கிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று வைக்கிறார். டின்கள் தீர்ந்து வந்தபோது, ஊக்கை வளைத்துத் தூண்டில் முள் செய்கிறார்கள். ஆமை, மீன், கடற்பறவை எல்லாம் பச்சையாக உணவாகின்றன. வெற்றுத் தாள்களில் சீட்டுக்கட்டு செய்து விளையாடுகிறார்கள். பசியில் கிடந்தபடி, ஊருக்குப் போனால் நண்பர்களுக்கு வைக்க வேண்டிய விருந்துப் பட்டியலை மாரலின் நாட்குறிப்பில் எழுதுகிறார். அடுத்த படகின் வரைபடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். ஏழு கப்பல்கள் அவர்களைப் பார்க்காமலே கடந்துபோயின. ஜூன் 30 அன்று எட்டாவதாக வந்த வோல்மி 306 என்ற கொரிய மீன்பிடிக் கப்பலும் கடந்துபோய், பிறகு திரும்பி வந்தது.

மாரலின் தன் கணவரிடம் தத்துவம் பேசியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. தைரியமாக இரு என்று சொல்வது, தைரியமில்லாதவருக்கு இன்னொரு சுமை. மாரலின் வேலை கொடுத்தார். மிதவைக்குக் காற்றடிக்க வேண்டும், தண்ணீரை இறைக்க வேண்டும், மீனை அறுக்க வேண்டும், உன் முறை வந்துவிட்டது, சீட்டைப் போடு. நாளைக்கும் வேலை இருக்கிறது என்பதால் நாளை என்ற ஒன்று இருந்தது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் மனைவியும் லண்டன் வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒற்றை அறையில் இருந்தோம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, எனக்குக் கடையில் பகல் வேலை. ஒருவர் எழுந்த கட்டிலில் மற்றவர் படுப்போம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ‘பருப்பு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்க’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். முதல் குளிர்காலத்திலேயே என் வேலை போனது. வாரக்கணக்கில் போர்வைக்குள் கிடந்தேன். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது மறக்காமல், “காலையில வர்றதுக்குள்ள வெங்காயத்தை உரிச்சு வைங்க, அரிசியைக் களைஞ்சு வைங்க” என்பாள். ஈரமில்லாதவள் என்று அப்போது மனதுக்குள் வைதிருக்கிறேன். ஆனால் எழுந்து வெங்காயம் உரித்தேன். அவள் எனக்கு என்ன செய்தாள் என்பது, இத்தனை வருடம் கழித்து, பசிபிக்கில் ஒரு ஆங்கிலப் பெண் சீட்டுக்கட்டு செய்ததைப் படித்தபோதுதான் விளங்கியது.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு அறையும் ஒரு குளிர்காலமும் இருந்திருக்கும். மாமியார், சித்தி, பக்கத்து வீடு என்று யாரும் இல்லாமல் இரண்டே பேராக வாழக் கற்றுக்கொண்ட தலைமுறை நாம். அதை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம். நம் புலம்பெயர் கதைகளில் இழந்த ஊர் வருகிறது, பனி வருகிறது. யார் எப்போது தூங்கினார்கள், யார் சமைத்தார்கள், யார் முதலில் தளர்ந்தார்கள் என்பது குறைவாகவே வருகிறது.

மாரிஸும் மாரலினும் ஊர் திரும்பி, மிதவையில் திட்டமிட்டபடியே ‘ஆரலின் 2’ படகில் மறுபடி கடலுக்குப் போனார்கள். 2002இல் மாரலின் மறைந்தார். அதன்பின் மாரிஸ் 2018 வரை தனியாக வாழ்ந்தார். புத்தகத்தின் அந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். எனக்கு நடுக்கடலைவிடக் கடினமாக இருந்தது அதுதான்.

இந்த உரையைத் தயாரிக்கும்போது மனைவியிடம் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவருக்கு வெங்காயம் உரிக்கிற வேலை மிச்சம்” என்றாள்.